ரிசல்ட் வாரத்துக்கு மட்டுமா ஆலோசகர்?

பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டவென்றே பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1952-53இலேயே இதைப் பரிந்துரைத்தது. அடுத்து வந்த கோத்தாரி குழு (1964-66) கணக்கும் போட்டுக் கொடுத்தது: பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சுற்றிவரும் ஆலோசகர் ஒருவர். தமிழகத்தின் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் அப்படி ஒருவர் இன்றும் இல்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஜெயலலிதா ஆட்சிக் காலத்தில் நடமாடும் உளவியல் ஆலோசனை வேன்கள் வந்தன. ஆனால் அப்போதிருந்த 32 மாவட்டங்களுக்கு 10 வேன்கள்தான். 2018இல் மாணவர்களுக்கு 14417 உதவி எண் வந்தது. 2022இல் 'நான் முதல்வன்' திட்டம் மேற்படிப்பையும் வேலைவாய்ப்பையும் அரசுப் பள்ளி வகுப்பறைக்குள் பேசவைத்தது. இவை நல்ல முயற்சிகள். ஆனால் தினமும் பார்த்துப் பழகிய முகத்திடம்தான் பிள்ளைகள் மனம் திறப்பார்கள்.

அந்த முகம் இப்போது வகுப்பாசிரியருடையது. வருகைப் பதிவு, எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், மாலை சிறப்பு வகுப்பு, பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதம் எல்லாம் அவர் தலையில். காலாண்டுத் தேர்வில் கணக்கில் தவறிய பத்தாம் வகுப்பு மாணவி, "அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார், படிக்க முடியவில்லை" என்பதை அதே கணக்கு ஆசிரியரிடம் எப்படிச் சொல்வாள்? நாளை ஸ்டாஃப் ரூமில் அது பேச்சாகிவிடுமோ, வீட்டுக்குப் போன் போய்விடுமோ என்றுதான் முதலில் பயப்படுவாள். துணிந்து வந்தாலும், கதவைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பேச ஓர் அறை வேண்டும். வகுப்பறைக்கே இடம் போதாத பள்ளிகள் உண்டு.

ஆசிரியரின் சங்கடமும் நியாயமானது. பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு. மறைத்தால் தண்டனை உண்டு. எதை ரகசியமாக வைக்கலாம், எதை வைக்க முடியாது என்பதைப் பேச்சைத் தொடங்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிடுவது ஆலோசகர் கற்கும் முதல் பாடங்களில் ஒன்று. அந்தப் பயிற்சி இல்லாதவர், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தவிக்கிறார்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். தேர்வுத் தோல்வி காரணம் எனப் பதிவான மரணங்கள் 2,248. இதை மறுபடி படிக்க வேண்டும். ரிசல்ட் வாரத்தில் மட்டும் ஆலோசனை முகாமும் தொலைக்காட்சி விவாதமும் சூடு பிடிக்கின்றன. பெரும்பகுதித் துயரமோ ரிசல்ட்டோடு தொடர்பில்லாமல் ஆண்டு முழுவதும் நடக்கிறது. ஜூலையிலும் நவம்பரிலும் பள்ளியில் இருக்கிற ஆளே அதைக் கவனிக்க முடியும்.

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஆலோசகர் நியமனத்துக்கு ஒரு வரையறை தந்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம், தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். பெரிய தனியார் பள்ளிகள் சம்பளம் கொடுத்து ஆளை வைத்துக்கொள்ளும். அரசுப் பள்ளிக்குப் பணியிடமும் நிதியும் அரசாணை வழியேதான் வர வேண்டும். இருக்கிற ஆசிரியருக்கே இரண்டு நாள் பயிற்சி கொடுத்துப் பெயர்ப் பலகையை மாற்றிவிட்டால், மறுபடி பழைய கதைதான்.

அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோரே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவருக்குத் தீர்மானம் போடும்போது, ஆலோசகர் பணியிடத்துக்கும் ஒரு தீர்மானம் போடுங்கள். அதுவரை, மனநல உதவிக்கு 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்: டெலி-மானஸ், 14416.