ஒளி உமிழும் செடி

இருளிலே தானாக ஒளிரும் செடியைப்பற்றிய ஆசை மாந்தர்க்குப் புதியதன்று. இமயமலையில் இரவிலே ஒளிவிடும் மூலிகைகள் உள்ளனவென்றும், அவை எண்ணெய் வேண்டாத விளக்குகளாய்ப் பயன்படுவனவென்றும் காளிதாசர் தம் குமாரசம்பவத்திற் கற்பனை செய்தார். தீப்பற்றியும் கரியாது நின்ற முட்செடியை மோசே கண்ட வரலாற்றை நம்மிற் பலர் சிறு பருவத்திலேயே கேட்டிருக்கின்றோம். முன்னது கவியின் கற்பனை. பின்னது தெய்வச் செயல். இவ்விரண்டிற்கும் வேறாக, மனிதன் தன் ஆராய்ச்சியினால் ஆக்கிய ஒளிச்செடி ஒன்று 2024-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விற்பனைக்கு வந்து, வீடுகளிலே தொட்டிகளில் வளர்க்கப்படலாயிற்று. அவ்வாண்டிற் செடி ஒன்றின் விலை 29 டாலராக இருந்தது. பெயர், மின்மினிப் பெட்டூனியா என்று பொருள்படும் 'பயர்ஃபிளை பெட்டூனியா' என்பது. பகலில் அது வெண்மலர் பூக்கும் எளிய செடியே. இருளிலோ அதன் இலையும் மலரும் மெல்லிய பச்சை ஒளி வீசும். அவ்வொளி வந்த வரலாற்றையும், அதனால் நாம் அறியத்தக்கது யாது என்பதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மின்மினியின் ஒளி வெப்பமற்றது. அதன் உடலில் 'லூசிபெரின்' என்னும் ஒளிப்பொருள் உண்டு. அது 'லூசிபெரேஸ்' என்னும் நொதியின் துணையினாற் பிராணவாயுவோடு கூடுங்கால் ஒளி பிறக்கின்றது. 1986-ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் அறிஞர் சிலர், அந்நொதியை உண்டாக்கும் மின்மினியின் மரபணுவைப் புகையிலைச் செடியிற் புகுத்தினர். செடியும் ஒளிர்ந்தது. ஆனால் ஒரு குறை இருந்தது. நொதியை ஆக்கக் கற்ற அச்செடி, ஒளிப்பொருளை ஆக்கக் கற்றிலது. அதனை மனிதரே செடிக்கு ஊட்டவேண்டியிருந்தது. எண்ணெய் வார்த்தால் எரிந்து, வாராவிடின் அவியும் அகலையே அது ஒத்திருந்தது.

அதன்பின் பற்பலர் முயன்றனர். அவற்றுள் 2013-ஆம் ஆண்டு முயற்சி ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. கலிபோர்னியாவில் ஒரு குழுவினர், ஒளிரும் செடியின் விதைகளைத் தருவதாக வாக்களித்து, 'கிக்ஸ்டார்ட்டர்' என்னும் இணைய நிலையத்தின் வாயிலாகப் பொருள் திரட்டினர். தெருவிளக்குகளுக்கு மாறாக மரங்களே ஒளிதரும் காலம் வருமென்ற கனவு மக்களைக் கவர்ந்தது. எண்ணாயிரவர்க்கு மேற்பட்டோர் 4,80,000 டாலருக்கு மேல் ஈந்தனர். ஆயினும் ஒளிதரும் மரபணுக்கள் பலவற்றை ஒரு சிறு செடியினுள் ஒருங்கே இயங்கச் செய்தல் அவர்கள் எண்ணியவாறு எளிதாக இல்லை. 2017-ஆம் ஆண்டில் அம்முயற்சி கைவிடப்பட்டது. பணம் தந்தோர்க்கு ஒளிரும் செடி கிட்டவில்லை. ஒளியின் வழியை முற்றும் அறியுமுன்னரே ஒளியை விலைபேசியதன் பயன் அதுவாயிற்று.

வழியைக் காட்டியது ஒரு காளான். வெப்பநாட்டுக் காடுகளில் மட்கும் மரத்தில் முளைக்கும் 'நியோனோதோபானஸ் நாம்பி' என்னும் காளான் இரவிற் பசுமையாக ஒளிர்வது. அவ்வொளி பிறக்கும் முறையை 2018-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் முழுமையாகக் கண்டறிந்தனர். அம்முறைக்கு முதற்பொருள் காஃபீயிக் அமிலம். ஒரு நொதி அதனை ஹிஸ்பிடின் என்னும் பொருளாக்குகின்றது. இரண்டாவது நொதி அந்த ஹிஸ்பிடினை ஒளிப்பொருளாக்குகின்றது. மூன்றாவது அதனைப் பிராணவாயுவோடு சேர்த்து ஒளியை எழுப்புகின்றது. எஞ்சியதை நான்காவது நொதி மீளவும் காஃபீயிக் அமிலமாக்குகின்றது. இங்ஙனம் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். இதில் வியப்பு யாதெனின், காஃபீயிக் அமிலம் செடிகள் தம் உடலைக் கட்டுதற்கு இயல்பாகவே ஆக்கிக்கொள்ளும் பொருள். எனவே வெளியிலிருந்து எதனையும் ஊட்ட வேண்டுவதில்லை. காளானின் நான்கு மரபணுக்களைப் புகையிலையிற் புகுத்திய காரென் சர்கிசியான், இல்யா யம்போல்ஸ்கி முதலியோர், முளை முதல் முதிர்ச்சி வரை தானே ஒளிரும் செடியை 2020-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். பெட்டூனியா அதன் வழித்தோன்றல். பெயர் மின்மினியுடையது, ஒளியோ காளானுடையது. அதனை விற்கும் நிறுவனத்தின் தலைவராகிய கீத் வுட் என்பார், 1986-ஆம் ஆண்டுப் புகையிலையை ஆக்கியவருள் ஒருவர். 38 ஆண்டு அவர் அவ்வொளியை மறந்திலர் என்க.

இனி, இச்செடி விளக்காகுமோ எனின், ஆகாது. அதன் ஒளி நிலவொளி போல மெல்லியது. இருட்டறையிற் சில நிமிடம் அமர்ந்து கண் பழகியபின்னரே நன்கு புலப்படும். நூல் படிக்க விளக்கு வாங்குவோன் இதனை வாங்கின் ஏமாறுவான்.

ஆயினும் விளக்கினால் இயலாத ஒன்று இச்செடிக்கு இயலும். அதன் ஒளி செடியின் உயிர்நிலையைக் காட்டும். விரைந்து வளரும் உறுப்புகள் மிகுதியாக ஒளிரும். மொட்டுகள் அனைத்தினும் மிக்கு ஒளிரும். நல்ல வெயிலில் தழைத்த செடி இரவில் நன்கு ஒளிவிடும். வாடிய செடியின் ஒளியும் வாடும். 2020-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், புண்பட்ட இலையின் ஒளி மிகுந்தது. பழுத்த வாழைப்பழத்தின் தோலை அருகில் வைக்க, அதினின்று எழும் எத்திலீன் ஆவியினாலும் செடியின் ஒளி மிகுந்தது. வாய் பேசாத செடி, தன் வளர்ச்சியையும் வருத்தத்தையும் நமக்கு உணர்த்துதற்கு இஃதொரு மொழியாயிற்று. செடியை அறுக்காமலும் அழிக்காமலும் அதன் அகத்தொழிலை ஆராய்வோர்க்கு இது பெருந்துணையாம்.

ஓர் உயிரின் மரபை மாற்றி அழகுப்பொருளாக்கல் தகுமோ என்று வினவுவாரும் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. கிக்ஸ்டார்ட்டர் நிலையமே 2013-ஆம் ஆண்டில், மரபு மாற்றிய உயிர்களைக் கைம்மாறாகத் தருதலைத் தடைசெய்துவிட்டது. பெட்டூனியாவை ஆராய்ந்த அமெரிக்க வேளாண்மைத் துறையோ, மற்றைப் பெட்டூனியாக்களினும் மிகுந்த கேட்டைப் பயிர்களுக்கு இது விளைக்காதென்று 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் முடிவு கூறிற்று. அம்முடிவு இச்செடி ஒன்றற்கே உரியது. இனி வருவனவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும்.

சீன நாட்டில் 2025-ஆம் ஆண்டில் வேறொரு வழியும் காணப்பட்டது. சதைப்பற்றுள்ள சிறு செடியின் இலைகளில், ஒளியை உண்டு உமிழும் நுண்துகள்களைச் செலுத்தினர். சிறிது நேரம் வெயிலிற் காட்டியபின் அது இரண்டு மணி நேரம் வரை ஒளிரும், பின்னர் அவியும். அது இரவல் ஒளி.

ஆகவே மூவகைச் செடிகளைக் கண்டோம். ஒன்று பிறர் ஊட்டினால் ஒளிர்வது. ஒன்று இரவல் ஒளியைச் சிறிது பொழுது காட்டுவது. ஒன்று தன் வாழ்க்கைக்குரிய பொருளினின்றே ஒளியை ஆக்குவது. மூன்றாவதன் ஒளி மெல்லியதே. ஆயினும் அது வளரும் வரை அவியாது. கல்வி பயிலும் நமக்கு இம்மூன்றனுள் எது தக்க உவமை என்பதனை அவரவர் நெஞ்சமே கூறும்.