அச்சில் வார்த்த கைத்துணை

சட்டைப் பொத்தானை மாட்டுதல், சாவியைத் திருப்புதல், சோற்றுக் கவளத்தை எடுத்து வாய்க்குக் கொண்டு செல்லுதல் ஆகியன நலமுடைய கைகள் எண்ணிப் பார்க்காமலே செய்து முடிக்கும் செயல்கள். பக்கவாதத்தால் ஒருபுறம் தளர்ந்தவருக்கும், முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கியவருக்கும், தண்டுவடம் அடிபட்டவருக்கும் இவை ஒவ்வொன்றும் பெரும்பணி. இத்தகையோர் தம் அன்றாட வாழ்வைத் தாமே நடத்திக்கொள்ளத் துணைநிற்கும் துறை செயல்முறை மருத்துவம் ஆகும். இதனை ஆக்குபேஷனல் தெரபி என்றும் வழங்குவர். அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டு இத்துறைக்கெனத் தனிக் கழகம் தோன்றியது. இந்தியாவில் 1950ஆம் ஆண்டு கமலா நிம்ப்கர் மும்பையில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

இயன்முறை மருத்துவம் தசையின் வலிமையையும் மூட்டின் அசைவையும் மீட்க முனைகிறது. செயல்முறை மருத்துவமோ, ‘இவர் இன்று தம் கையால் உண்ண இயலுமா?’ என்னும் வினாவிலிருந்து தொடங்குகிறது. செயலுக்கு ஏற்ப உடலைப் பயிற்றுவது அதன் ஒரு வழி. உடலுக்கு ஏற்பக் கருவியை மாற்றுவது மற்றொரு வழி. முப்பரிமாண அச்சு இவ்விரண்டாம் வழியில் நுழைந்துள்ளது.

பிடியில் உள்ள இயற்பியல்

கைத்துணைக் கருவிகளுள் மிக எளியது தடித்த பிடி. மெல்லிய கரண்டிக் காம்பைப் பற்ற விரல்கள் முழுவதும் மடங்க வேண்டும். வீங்கிய மூட்டு அவ்வளவு மடங்காது. காம்பு பருத்திருந்தால் விரல் பாதி மடங்கினாலே பிடி கிட்டும். மேலும், விசையைப் பரப்பால் வகுக்கக் கிடைப்பதே அழுத்தம். அதே விசை இருமடங்கு பரப்பில் பரவும்போது தோல் தாங்கும் அழுத்தம் பாதியாகிறது.

இவ்வுண்மை உணர்விழந்த கைகளுக்கு இன்றியமையாதது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்கு அறுவை மருத்துவம் செய்யத் தொடங்கியவர் பால் பிராண்டு. விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை. வலியை உணராமையால் நாள்தோறும் நேரும் காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். வலி எச்சரிக்காத கை, கூரிய விளிம்புடைய கருவியையும் சூடான பாத்திரத்தையும் விடாது பற்றிக்கொண்டிருக்கும். அத்தகைய கைக்கு அறுவை மருத்துவம் மட்டும் போதாது. அது நாளும் பற்றும் கருவிகளின் பிடியும் மாற வேண்டும். துணி சுற்றியும், நுரைக்குழாய் செருகியும், மரத்தைச் செதுக்கியும் இம்மாற்றத்தைச் செய்வது இத்துறையின் நெடுநாள் வழக்கம். ஆயினும், ஒருவர் கைக்குச் செதுக்கியதை அப்படியே இன்னொரு முறை செதுக்குவது கடினம்.

அடுக்கின்மேல் அடுக்கு

செதுக்குதல் கழித்து உருவாக்கும் முறை. முப்பரிமாண அச்சு கூட்டி உருவாக்கும் முறை. முறுக்கு அச்சிலிருந்து மாவு இழையாக இறங்குவதைப் போல, சிறிய அச்சுப்பொறியின் சூடான முனையிலிருந்து உருகிய நெகிழி இழையாக இறங்குகிறது. கணினியில் வரைந்த உருவத்தின் குறுக்குவெட்டை முனை வரைந்து முடித்ததும், அதன்மேல் அடுத்த அடுக்கு படிகிறது. ஓர் அடுக்கின் தடிமன் 0.2 மில்லிமீட்டர் எனில், 2 சென்டிமீட்டர் உயரமுள்ள பொருளுக்கு 100 அடுக்குகள் தேவை. பெரிதும் பயன்படும் நெகிழி, மக்காச்சோள மாவுப்பொருள் போன்றவற்றிலிருந்து பெறப்படும் பிஎல்ஏ ஆகும். ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் அது இழையாக இறங்கும்.

திரவப் பிசினைப் புறஊதாக் கதிரால் அடுக்கடுக்காக இறுகச் செய்யும் முறைக்கு அமெரிக்கரான சார்லசு ஹல் 1984ஆம் ஆண்டு காப்புரிமை கோரினார். உருகிய இழையை அடுக்கும் முறைக்கு 1989ஆம் ஆண்டு காப்புரிமை கோரியவர் ஸ்காட் கிரம்ப். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2005ஆம் ஆண்டு ஏட்ரியன் போயர் தொடங்கிய ‘ரெப்ராப்’ திட்டம், அச்சுப்பொறியின் வரைபடங்களை எவரும் பயன்படுத்துமாறு பொதுவில் வைத்தது. கிரம்ப்பின் அடிப்படைக் காப்புரிமை 2009இல் முடிந்ததும் பொறியின் விலை வீழ்ந்தது. கல்லூரிகளும் மருத்துவமனைகளும் அதனை வாங்கும் நிலை பிறந்தது.

தச்சரின் விரல்கள்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரைச் சேர்ந்த தச்சர் ரிச்சர்ட் வேன் ஆஸ், 2011ஆம் ஆண்டு அறுவை எந்திரத்தில் தம் வலக்கை விரல்களை இழந்தார். செயற்கை விரல்களின் விலை அவருக்கு எட்டவில்லை. அமெரிக்காவில் ஒப்பனைக் கருவிகள் செய்துவந்த ஐவன் ஓவன், தாம் அமைத்த பெரிய இயந்திரக் கையின் காணொலியை இணையத்தில் வெளியிட்டிருந்தார். அதனைக் கண்ட தச்சர் அவருக்கு எழுதினார். கடல்கள் இடைநிற்க இருவரும் கூடி உழைத்தனர். அச்சுப்பொறி நிறுவனம் ஒன்று இருவருக்கும் பொறிகளை நன்கொடையாக வழங்கியது. ஒருவர் திருத்திய வரைபடத்தை மற்றவர் தம் ஊரிலேயே அச்சிட்டுச் சோதிக்க முடிந்தது. பிறவியிலேயே வலக்கை விரல்கள் இல்லாத ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்காக அவர்கள் உருவாக்கிய கையின் வரைபடம் 2013இல் இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது.

அக்கையில் மின்கலமோ மின்பொறியோ இல்லை. மணிக்கட்டை மடக்கும்போது நாண்கள் இழுபட்டு விரல்கள் மூடுகின்றன, நிமிர்த்தும்போது திறக்கின்றன. இக்கருத்து முற்றிலும் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரப் பல் மருத்துவர் ராபர்ட் நார்மன், திமிங்கல எலும்பாலும் குடல்நாராலும் இத்தகைய கையொன்றைப் படைவீரர் ஒருவருக்குச் செய்தளித்திருந்தார். அந்தக் கை ஒருவரோடு நின்றது. இந்தக் கையின் வரைபடம் நாடுகள் பலவற்றுக்குப் பரவியது. வளரும் குழந்தைக்கு ஒரே கை பல ஆண்டுகள் பொருந்தாது. வரைபடம் இருப்பின் அளவைக் கூட்டி அச்சிட்டுக்கொள்ளலாம்.

எனினும், கையை அணிவித்த அளவில் குழந்தை பந்தைப் பிடித்துவிடுவதில்லை. மணிக்கட்டை எவ்வளவு மடக்குவது, எப்பொருளை எப்பக்கமிருந்து அணுகுவது என்பனவற்றை விளையாட்டினூடே பழக்குவது செயல்முறை மருத்துவரின் பணி. இப்பணியை எந்தப் பொறியும் அச்சிட்டுத் தருவதில்லை.

பயில்வோர் மேசையில்

இத்துறை மாணவர்க்கு அச்சுப்பொறி முதலில் பாடக்கருவியாக அமைகிறது. கையின் 27 எலும்புகளையும் சி.டி. படங்களிலிருந்து உருவாக்கி அச்சிட்டு, பிரித்தும் கோத்தும் பயிலலாம். அடுத்த நிலையில் அவர்கள் ஒருவரின் தேவையைக் கேட்டறிந்து, உள்ளங்கையின் அகலத்தை வெர்னியர் அளவியால் அளந்து, கணினியில் பிடியொன்றை வரைகின்றனர். முதலில் அச்சிட்டது பெரும்பாலும் பொருந்துவதில்லை. பொருந்தாமையின் செலவு சிறிதளவு நெகிழியும் சில மணி நேரமுமே என்பதால் மாணவர் அஞ்சாது திருத்துகின்றனர்.

பொறியின்மீது கொள்ளும் மயக்கம் தெளிய வேண்டுமானால் அதன் குறைகளையும் அறிதல் வேண்டும். பிஎல்ஏ ஏறத்தாழ 60 பாகையிலேயே இளகும். கொதிநீரில் கழுவினால் பிடி கோணும். அடுக்குகளின் இடைக்கோடுகளில் உணவுத் துணுக்குகள் தங்கும். அடுக்குகள் பிரியும் திசையில் விசை விழுந்தால் பொருள் எளிதில் முறியும். ஆகவே, எப்பக்கமாகக் கிடத்தி அச்சிடுவது என்பதே ஒரு முடிவு. எலும்பு முறிவுக்குப் பின் கையைத் தாங்கும் ஸ்பிளின்ட் எனும் அணையைப் பொறுத்தவரை பழைய முறையே பல வேளைகளில் சிறந்தது. வெந்நீரில் இளகிய நெகிழித் தகட்டைக் கைமேல் நேராக வைத்துச் சில நிமிடங்களில் வடித்துவிடலாம்; அச்சிடுவதற்கோ பல மணி நேரம் ஆகும்.

அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, துணைக்கருவிகளைப் பயன்படுத்திய 227 பேரிடம் வினவியது. அவர்கள் பெற்ற கருவிகளுள் 29.3 விழுக்காடு கைவிடப்பட்டிருந்தன. பயன்படுத்துவோரின் கருத்தைக் கேளாமை அதற்கான காரணங்களுள் ஒன்று. அச்சுப்பொறியின் உண்மையான பயன் இங்குதான் புலப்படுகிறது. இணையத்தில் முள்கரண்டிப் பிடிகளின் வரைபடங்கள் எளிதில் கிடைக்கும். சோற்றைப் பிசைந்து உண்ணும் ஒருவருக்கு வேண்டுவது ஓரம் உயர்ந்த, நகராத தட்டாக இருக்கலாம். குளிக்கும்போது நீர் மொள்ளும் குவளைக்கு ஏற்ற பிடியாக இருக்கலாம். அதை அவரே சொல்ல வேண்டும். சொன்னபடி வரைய வேண்டும்.

கருவியை அளித்த பின்னும் பணி முடிவதில்லை. அதனைச் சிறிது நேரம் அணியச் செய்து கழற்றித் தோலை நோக்குவர். சிவந்த தடம் 20 நிமிடங்களுக்குப் பின்னும் மறையாதிருப்பின் அவ்விடத்தில் அழுத்தம் மிகுதி எனக் கொண்டு, வரைபடத்தில் அந்த விளிம்பைத் தளர்த்தி மீண்டும் அச்சிடுவர்.