டுபாய்க்கு எத்தனை மணித்தியாலம்?

கொள்முதலுக்காக வெளிநாடு செல்லும் நமது வர்த்தகர்கள் சரக்கின் விலை, சுங்கத் தீர்வை, கப்பல் கூலி எல்லாவற்றையும் சதம் சதமாகக் கணக்குப் பார்க்கின்றனர். பயணத்தில் செலவாகும் நேரத்தை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. எனவே இவ்வாரம் அதனைப் பற்றிச் சொல்லலாம் என எண்ணுகின்றேன்.

கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் விமான நிலையம் வான்வழியாக ஏறத்தாழ 3,290 கிலோமீற்றர். பயணிகள் விமானம் மணிக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் நான்கு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆனால் அட்டவணையில் சுமார் நாலரை மணித்தியாலம் வருகிறது. விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்கும் வரையிலான முழு நேரத்தையும் அட்டவணையில் சேர்ப்பதே இதற்குக் காரணம்.

டிக்கட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த நாட்டு நேரங்களாகும். டுபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்தங்கியது. (2006 ஏப்ரலில் நமது கடிகாரம் மாற்றப்படும் வரை இது இரண்டு மணித்தியாலமாக இருந்தது.) உதாரணமாக, இங்கு காலை 10 மணிக்குப் புறப்பட்டால் அங்கு பகல் 1 மணிக்கு இறங்குவீர்கள். டிக்கட்டைப் பார்ப்பவருக்கு மூன்று மணித்தியாலப் பயணம் போலத் தோன்றும்.

நள்ளிரவுக்குப் பிந்திய விமானங்களில் இன்னும் கூடிய கவனம் தேவை. 15ஆம் திகதி அதிகாலை 2.30க்கு விமானம் என்றால், 14ஆம் திகதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் திகதி இரவு போய் நிற்பவருக்கு விமானமும் இல்லை, டிக்கட் பணமும் இல்லை. 16ஆம் திகதி வங்கிக்கு வரும் காசோலைக்குப் பணம் போட ஊரில் ஆளும் இல்லை!

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். புறக்கோட்டையிலிருந்து கட்டுநாயக்க செல்ல ஒரு மணித்தியாலம், விமான நிலையத்தில் மூன்று, பறப்பதற்கு நாலரை, குடிவரவுக்கும் பொதிகளுக்கும் ஒன்று, தேரா சந்தைக்கு அரை. மொத்தம் பத்து மணித்தியாலம்.

சென்னை சுமார் 650 கிலோமீற்றர்தான். பறக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலமும், அங்கு இறங்கி நகருக்குள் செல்ல ஒரு மணித்தியாலமும் வைத்தால், ஏனைய செலவு நேரங்கள் மாறாமல் மொத்தம் ஏழரை மணித்தியாலம் வருகிறது. தூரத்தில் டுபாய் சென்னையைப் போல் ஐந்து மடங்கு. நேரத்திலோ மூன்றில் ஒரு பங்கு மாத்திரமே அதிகம்!

இதிலிருந்து நான் காணும் பாடம் ஒன்றுதான். பயண நேரத்தின் பெரும்பகுதி வானத்தில் அல்ல, தரையிலேயே கழிகிறது. "சென்னை பக்கம்தானே" என்று மாதம் இருமுறை சிறு கொள்முதலுக்குப் பறப்பவர், போக வர ஒவ்வொரு முறையும் பதினைந்து மணித்தியாலத்தை இழக்கிறார். இரண்டு பயணத்தின் கொள்முதலை ஒன்றாக்கினால் டிக்கட் பணத்துடன் கடைக்கு ஒரு முழு வியாபார நாளும் மிஞ்சும்.

இடையில் வேறொரு விமான நிலையத்தில் இறங்கி ஏறும் மலிவு டிக்கட்டுக்கும் இதே அளவுகோல்தான். மிச்சமாகும் பணத்தைக் கூடுதலாகச் செலவாகும் மணித்தியாலங்களால் வகுத்துப் பாருங்கள். உங்கள் கடை ஒரு மணித்தியாலத்தில் உழைக்கும் இலாபத்தை விட அது குறைவாயின், அந்த டிக்கட் மலிவானதல்ல.