பிளாஸ்டிக் மாதிரிகளில் மரத்தோற்றம்

கப்பல், படகு, விமானம், கட்டடம் முதலியவற்றின் சிறு பிளாஸ்டிக் மாதிரிகளில், மரத்தால் ஆன பகுதிகளை மரம் போலவே தோன்றச் செய்யும் வண்ணப்பூச்சு முறை. மாதிரியமைத்தல் உலகெங்கும் உள்ள ஒரு பொழுதுபோக்குக் கலை. மரத்தோற்றம் அதில் கடினமான பகுதிகளில் ஒன்று எனக் கருதப்படுகிறது. உலோகத்துக்கு ஒரே நிறம் போதும். ஆனால் மரத்தில் பலகைக்குப் பலகை நிறம் மாறும். இனத்துக்கு இனம் ரேகை மாறும். வெயிலும் மழையும் பட்ட இடம் வேறு, நிழலில் இருந்த இடம் வேறு.

அளவுகோல்

மரத்துண்டையே ஒட்டினால் மாதிரி இயல்பாக இருக்கும் என்று தோன்றலாம். பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. 20 செ.மீ. அகலமுள்ள பலகை 1:48 அளவில் ஏறத்தாழ 4 மி.மீ. ஆகிவிடுகிறது. அப்பலகையில் 3 மி.மீ. இடைவெளியில் உள்ள ரேகை 0.06 மி.மீ. ஆகிறது. இது தலைமுடியின் தடிமன். உண்மையான மரத்துண்டின் ரேகையோ சுருங்குவதில்லை. ஆகவே சிறிய மாதிரியில் ஒட்டிய மரம், மிகப்பெரிய ரேகைகள் கொண்ட விசித்திரமான மரமாகத் தெரியும். வண்ணம் தீட்டிய பிளாஸ்டிக்கில் ரேகையை வேண்டிய அளவுக்கு மெலிதாக்கலாம். சிறிய அளவுகளில் பிளாஸ்டிக் மரத்தைவிட மரம் போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

மரத்தின் இயல்பு

மரத்தில் இரண்டு பெரும் வகைகளைக் காணலாம். தேக்கு, பலா, அயனி போன்றவற்றில் வைரம் உள்ளே இருக்கும். பனை, தென்னை ஆகியவற்றில் வைரம் வெளியே இருக்கும். தொல்காப்பியத்தின் மரபியல் முன்னதை மரம் என்றும் பின்னதைப் புல் என்றும் வகைப்படுத்துகிறது. இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லுக்கு நெருங்கிய ஒருவித்திலைத் தாவரமாகவே கொள்கிறது. பனைக்கு ஆண்டு வளையம் இல்லை. எனவே பனங்கையில் அலையலையான ரேகைகள் வரைவது பிழை. அதில் நீளவாக்கில் ஓடும் கருநிற நார்க்கோடுகள் மட்டுமே உண்டு.

அறுத்த புதிதில் பலாமரம் நல்ல மஞ்சளாக இருக்கும். காற்றும் ஒளியும் பட்டு நாளடைவில் பழுப்பாகும். வெயிலில் கிடக்கும் எம்மரமும் இறுதியில் சாம்பல் நிறம் அடையும். புறஊதாக் கதிர்கள் மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. மழை அதைக் கழுவிச் செல்கிறது. எஞ்சும் செல்லுலோஸ் நரைத்துத் தெரிகிறது.

குமரி மாவட்ட மரப்பரப்புகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மரம் முதுமையடையும் மூன்று விதங்களைச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் காணலாம்.

பத்மநாபபுரம் அரண்மனை: தக்கலை அருகே உள்ளது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம். 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்த பின்னும் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. பூமுகத்தின் கூரையில் 90 வகை மலர்கள் செதுக்கப்பட்டுள்ளன. தாய்க் கொட்டாரத்தில் பலாமரத் தூண் உள்ளது. இவை வெயில்படாத மரங்கள். ஆழ்ந்த பழுப்பும் மெல்லிய பளபளப்பும் கொண்டவை. கைபடும் தூண், கால்படும் வாசற்படி ஆகியவற்றில் மட்டும் தேய்மானம் தெரியும்.

கட்டுமரம்: வண்ணம் பூசப்படாத மரம். கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்துவது வழக்கம். உப்பும் வெயிலும் மாறிமாறிப்பட்டு அவை வெளிறிச் சாம்பல் நிறமாகும். முனைகள் மழுங்கி வெடித்திருக்கும்.

வள்ளம்: மீன் எண்ணெயோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பூசப்படும் மரப்படகு. எனவே அது நரைப்பதில்லை. கருத்து, மங்கிய எண்ணெய்ப் பளபளப்புடன் இருக்கும்.

ஒரே கடற்கரையில் கிடக்கும் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் ஒரே பழுப்பு நிறத்தைப் பூசினால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

செய்முறை

மாதிரிப் பெட்டிகளில் வரும் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். தெர்மோகோல் இதே பொருளின் நுரை வடிவம். தெர்மோகோலின் மேல் ஸ்பிரே பெயின்ட் அடித்தால் உருகுவதைப் பள்ளி மாணவர்கள் அறிவர். கடுமையான தின்னர் பாலிஸ்டைரீனையும் கரைக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

1. கீறுதல்: நுண்ணிய ரம்பத்தகடு அல்லது உப்புத்தாளால் பலகையின் நீளவாக்கில் மட்டும் மெல்லக் கீற வேண்டும். குறுக்குக் கீறல் கூடாது. 1:72 போன்ற சிறிய அளவுகளில் இப்படியை விட்டுவிடலாம்.

2. அடிப்பூச்சு: பிரைமர் பூசி உலர்ந்தபின், மரத்தின் மிக வெளிறிய நிறத்தை அக்ரிலிக்கில் பூச வேண்டும். சில பலகைகளை ஒரு படி கருமையாகவும் சிலவற்றை ஒரு படி வெளிறியும் பூசுவது நல்லது. மரத்தோற்றத்தின் பாதி இப்படியிலேயே கிடைத்துவிடும்.

3. ரேகை: பர்ன்ட் அம்பர் போன்ற எண்ணெய் வண்ணத்தை மிகக் குறைவாகத் தடவி, உலர்ந்த தட்டைத் தூரிகையால் நீளவாக்கில் இழுக்க வேண்டும். தூரிகை மயிர்கள் விட்டுச்செல்லும் கோடுகளே ரேகைகளாகின்றன. எண்ணெய் வண்ணத்துடன் சேரும் டர்பன்டைன் நன்கு உலர்ந்த அக்ரிலிக்கைக் கரைக்காது. ரேகை பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். அடிப்பூச்சு எனாமலாக இருந்தால் அதுவும் சேர்ந்து கரையக்கூடும்.

4. உலர்த்தல்: எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து இறுகுவது. அதற்குச் சில நாட்கள் ஆகும். மழைக்காலத்தில் மேலும் காத்திருக்க வேண்டும்.

5. மேற்பூச்சு: மெருகேற்றிய மரத்துக்கு, ஒளி ஊடுருவும் ஆரஞ்சு நிறத்தை வார்னிஷில் சிறிது கலந்து பூசலாம். நரைத்த மரத்துக்குப் பளபளப்பற்ற வார்னிஷ் பூசி, வெளிர்சாம்பல் நிறத்தை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளில் தேய்க்க வேண்டும்.

டர்பன்டைனைச் சன்னல் திறந்த அறையில், நெருப்புக்கு அப்பால் பயன்படுத்த வேண்டும்.

பொதுவான பிழைகள்

பலகையின் மூட்டைத் தாண்டி ரேகை தொடர்வது முதல் பிழை. எல்லாப் பலகைகளுக்கும் ஒரே நிறம் தருவது இரண்டாவது. மரத்தால் ஆன பொருள் என்பதாலேயே மரத்தைக் காட்டுவது மூன்றாவது. இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டன் விமானமான மொஸ்கிட்டோ பெரும்பாலும் ஒட்டுப்பலகையால் ஆனது. ஆனால் அதன்மேல் துணி ஒட்டி வண்ணம் பூசப்பட்டதால் வெளியே மரம் தெரியாது. முதல் உலகப்போர்க் கால ஜெர்மன் அல்பட்ராஸ் விமானங்களில் வார்னிஷ் பூசிய ஒட்டுப்பலகை வெளிப்படையாகத் தெரிந்தது.

முக்கியத்துவம்

குமரிக் கடற்கரையில் இன்று கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. கட்டுமரமும் மரவள்ளமும் அருகி வருகின்றன. வரைபடம் ஒரு படகின் நீள அகலங்களைப் பதிவு செய்யும். எந்தப் பலகை எங்கே தேய்ந்தது, எண்ணெய் எதுவரை பூசப்பட்டது, கயிறு உராய்ந்த தடம் எங்கே விழுந்தது என்பவற்றைக் காட்ட, கவனமாகப் பூசிய மாதிரி வேண்டும். அதற்கு முதலில் படகைப் பயன்படுத்தியவர்களிடம் கேட்டறிய வேண்டும். பள்ளிக் கண்காட்சிக்கு மாதிரி செய்யும் மாணவர்கள், அவர்கள் கரையில் இருக்கும்போதே இவற்றைக் கேட்டுக் குறித்து வைக்கலாம்.