சிறுநீர்ச் சோதனையும் ‘ஆர்’ எழுத்தும்

தில்லியில் நம்மவர் வீடுகளில் காப்பீட்டுக்காக ஆஸ்பத்திரித் தாள்களைப் புரட்டும்போது ‘ஆர் 81’ என்றொரு குறி கண்ணில் படும். “சர்க்கரை வியாதின்னு எழுதிட்டாங்களே!” என்று கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதவில்லை. சிறுநீரில் சர்க்கரை தெரிந்தது, அவ்வளவே. நீரிழிவு என்று முடிவானால் குறி ‘இ’ எழுத்துக்குப் போய்விடும். இரண்டாம் வகைக்கு இ 11.

உலக சுகாதார நிறுவனம் 1990-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில், ‘ஆர்’ என்பது அறிகுறிகளுக்கும், காரணம் தெளியாத சோதனை முடிவுகளுக்கும் ஒதுக்கிய அத்தியாயம். சிறுநீரில் புரதம் ஆர் 80. கீட்டோன் ஆர் 82.4. முழு ஏகாதசி பட்டினி கிடந்த மாமிக்கும் மறுநாள் கீட்டோன் வரலாம். காய்ச்சலிலும் கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் புரதம் எட்டிப் பார்க்கும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளோ சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதற்கென்றே தரப்படுபவை. அதைச் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரில் சர்க்கரை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்!

கர்ப்பிணிக்கு மட்டும் கணக்கு வேறு. புரதம் தனியே வந்தால் ஓ 12.1, ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறினால் ஓ 14. அது அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டிய சங்கதி.

இக்குறிகளை இடும் பதிவேட்டு ஊழியர்களுக்கு இங்கே சப்தர்ஜங் மருத்துவமனையிலும், நம் பக்கம் புதுச்சேரி ஜிப்மரிலும் பயிற்சி நடந்து வந்திருக்கிறது. டாக்டர் எழுதியதைத்தான் அவர்கள் குறியாக்க முடியும். ஆகவே டிஸ்சார்ஜ் தாளைக் கையில் வாங்கியதும், “இது முடிவான நோயா, சோதனையில் தெரிந்ததா? மறுபடி எப்போ பார்க்கணும்?” என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.