400 ஆண்டுகள் தவறான கையோடு நின்ற சிலை: யார் இந்த லாவோகூன்?

நடுவில் தாடி வைத்த ஒரு மனிதர். இரு பக்கமும் அவருடைய மகன்கள். மூவரையும் பாம்புகள் சுற்றி வளைத்திருக்கின்றன. வாட்டிகன் அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தப் பளிங்குச் சிலையின் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. அந்த மனிதரின் வலது கை மேலே நீண்டிருந்ததா, பின்னால் மடங்கியிருந்ததா? பழைய படங்களில் ஒரு பதில், இப்போதைய படங்களில் வேறொரு பதில். ஏன்?

யார் இவர்?

ரோமானியக் கவிஞர் வர்ஜில் சொல்லும் கதைப்படி, லாவோகூன் டிராய் நகரத்துப் பூசாரி. கிரேக்கர்கள் விட்டுச்சென்ற மரக்குதிரையை நம்பாதீங்க என்று எச்சரித்து, அதன் மீது ஈட்டியை எறிந்தவர். சற்று நேரத்தில் கடலிலிருந்து வந்த இரண்டு பாம்புகள் அவரையும் மகன்களையும் கொன்றன. இது தெய்வக் குற்றத்துக்கான தண்டனை என்று நினைத்த மக்கள், குதிரையை ஊருக்குள் இழுத்து வந்தார்கள். நகரம் அழிந்தது. உண்மையைச் சொன்னவருக்குத்தான் முதல் அடி!

சிலை எப்படிக் கிடைத்தது?

1506 ஜனவரியில், ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்தைத் தோண்டியபோது கிடைத்தது. செய்தி கேட்டு ஓடியவர்களில் மைக்கேலாஞ்சலோவும் ஒருவர். ரோமானிய எழுத்தாளர் பிளினி புகழ்ந்த சிலை இதுதான் என்று உடனே அடையாளம் கண்டுவிட்டார்கள். ரோட்ஸ் தீவைச் சேர்ந்த ஹகேசாண்டர், பாலிடோரஸ், அதினோடோரஸ் ஆகிய மூவர் செதுக்கியது என்பது பிளினியின் குறிப்பு.

கையில் என்ன சிக்கல்?

கிடைத்தபோதே லாவோகூனின் வலது கை இல்லை. பிறகு மேல்நோக்கி நீட்டிய ஒரு கையைச் செய்து பொருத்தினார்கள். போராடும் வீரனைப் போன்ற அந்தத் தோற்றம்தான் நகல்களிலும் ஓவியங்களிலும் உலகம் முழுக்கப் பரவியது.

1906-ல் லுட்விக் பொல்லாக் என்ற தொல்பொருள் வல்லுநர், ரோமில் ஒரு பட்டறையில் மடங்கிய பளிங்குக் கை ஒன்றைப் பார்த்தார். லாவோகூன் ஞாபகம் வர, அதை வாட்டிகனுக்குக் கொடுத்தார். அது இந்தச் சிலையின் கைதான் என்று உறுதியாகி, பொருத்தப்பட்டது 1950-களின் இறுதியில்தான். அதைப் பார்க்க பொல்லாக் உயிரோடு இல்லை. யூதரான அவரை 1943-ல் நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசென்றிருந்தார்கள்.

கை மடங்கியதும் சிலையின் அர்த்தமே மாறிப்போச்சு. நாம் இப்போது பார்ப்பது, ஜெயிக்கப் போகும் வீரனை அல்ல. வலியில் சுருண்டு, தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு அப்பாவை.

இனி இந்தப் படம் கண்ணில் பட்டால், முதலில் வலது கையைப் பாருங்க. மேலே நீண்டிருந்தால், அது பழைய படம் அல்லது பழைய நகல்.