பாலைவனத்தில் ஒரு தை மாதம்

"வயதான காலத்தில் காசி, ராமேஸ்வரம் என்று போவார்கள். நீங்கள் என்ன சார், பாலைவனத்துக்குப் போகிறீர்கள்?"

நமது சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வர இயலாது என்று நான் தெரிவித்தபோது ஓர் அன்பர் கேட்ட கேள்வி இது. அதன்பின் இன்னும் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, நமது இதழிலேயே விளக்கமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. பணி ஓய்வு பெற்ற தம்பதியர் யாருக்கேனும் இது பயன்பட்டால் மகிழ்ச்சி.

நான் டிப்ளமோ முடித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்தவன். தண்டவாளப் பராமரிப்புதான் வாழ்நாள் முழுவதும் என் வேலை. செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இடப்பக்கம் ஒரு தெலுங்குக் குடும்பம், வலப்பக்கம் ஒரு மார்வாரிக் குடும்பம். எங்கள் வீட்டுத் தோசை மாவு இரண்டு பக்கமும் போகும். அவர்கள் வீட்டு ஆவக்காயும் பாப்படும் இங்கே வரும். பிள்ளைகள் மூன்று வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்தார்கள். ஓய்வு பெற்றபின் நாங்களும் தெலுங்கு நண்பரும் ஹைதராபாத்திலேயே ஆளுக்கொரு பக்கம் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடியேறினோம். மார்வாரி நண்பர் மட்டும் தம் சொந்த ஊரான பலோடிக்குத் திரும்பிப் போனார். ராஜஸ்தானில் ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் நடுவே, தார் பாலைவனத்தில் இருக்கிறது அந்த ஊர்.

"குளிர்காலத்தில் வாருங்கள், இரண்டு மாதம் தங்குங்கள்" என்று அவர் பலமுறை அழைத்தார். எங்கள் மகன் அமெரிக்காவில். ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. 2021 டிசம்பரில் தெலுங்கு நண்பர் தம்பதியரோடு முதன்முறையாகப் புறப்பட்டோம். அதிலிருந்து ஆண்டுதோறும் மார்கழியும் தையும் எங்களுக்கு அங்கேதான்.

இது ஒன்றும் புதுமையல்ல. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இருக்கும் முதியவர்கள் பனிக்குப் பயந்து அரிசோனா பாலைவனத்துக்குப் போய் மூன்று, நான்கு மாதம் தங்கிவிட்டு வருகிறார்கள். நமக்கு ரயில் இருக்கிறது. ஒரு காலத்தில் காச்சிகூடாவிலிருந்து மீட்டர் கேஜில் மீனாட்சி எக்ஸ்பிரஸ் ஜெய்ப்பூர் வரை ஆடி ஆடிச் செல்லும். மதுரையின் பெயர் தாங்கி மார்வாரிகளைச் சுமந்த வண்டி! அகலப்பாதை வந்தபின் அது நின்றுபோயிற்று. 2025 ஜூலையில் காச்சிகூடாவிலிருந்து ஜோத்பூரை ஒட்டியுள்ள பகத் கி கோட்டிக்கு நேரடி ரயில் தொடங்கினார்கள். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் செல்லும் பாதையில் சுமார் மூன்று மணி நேரம் போனால் பலோடி.

பலோடி என்றால் வெயிலுக்குப் பேர்போன ஊர். 2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி செல்சியஸ் பதிவாகி, இந்தியாவிலேயே அதிக வெப்பம் என்று பத்திரிகைகளில் வந்தது. அதே ஊரில் ஜனவரி இரவில் இரண்டு ரஜாய் போர்த்தினாலும் பல் கிட்டும். இது எப்படி?

பகலில் சூடான பூமி இரவில் அந்தச் சூட்டை வானத்துக்கே திருப்பி விடுகிறது. காற்றில் ஈரப்பதமும் மேலே மேகமும் இருந்தால் அவை போர்வைபோல் அந்தச் சூட்டைத் தடுத்து நிறுத்தும். பாலைவனத்தில் அந்தப் போர்வை கிடையாது. மணலும் வெப்பத்தை ஆழத்தில் சேர்த்து வைக்காது. மேலாகச் சூடேறி, மேலாகவே ஆறிவிடும். கடலோரச் சென்னையில் ஜனவரி மாதம் பகலுக்கும் இரவுக்கும் 8, 9 டிகிரிதான் வித்தியாசம். நமது ஹைதராபாத்தில் 13, 14. பலோடியிலோ பகல் 24, 25 என்றால் இரவு 7, 8. சில நாட்களில் அதற்கும் கீழே.

இதை நான் தண்டவாளத்தை வைத்துத்தான் புரிந்துகொள்வது வழக்கம். ஒரு கிலோமீட்டர் நீளத் தண்டவாளத்தைத் தடையில்லாமல் விட்டால் 17 டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளும், சுருங்கும். ஆனால் ஸ்லீப்பர்கள் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சுருங்க முடியாத இரும்பு உள்ளுக்குள் இழுபட்டு, எங்காவது பலவீனமான இடத்தில் விரிசல் விடும். அதனால்தான் குளிர்கால இரவுகளில் விளக்கைப் பிடித்துக்கொண்டு கேங்மேன்கள் பாதை நெடுக ரோந்து போகிறார்கள். வெளியே பார்த்தால் தண்டவாளம் பளபளவென்று இருக்கும். ஆபத்து உள்ளே இருக்கும்.

வயதான உடம்பும் அப்படித்தான் என்பதை 2023 ஜனவரியில் விழுந்துதான் தெரிந்துகொண்டேன். பலோடியின் காற்று அவ்வளவு சுகமாக இருந்தது. வியர்வை இல்லை, கசகசப்பு இல்லை. தாகமும் எடுக்கவில்லை. குளிரில் இரவு நான்கு முறை எழுந்து முற்றத்தைக் கடந்து கழிவறைக்குப் போகச் சோம்பல்பட்டுக்கொண்டு மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். இரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிடும் மாத்திரையோ நீரைப் பிரிக்கும் வகை. ஒரு விடியற்காலை கட்டிலிலிருந்து எழுந்தவன் கண் இருட்டிக் கீழே விழுந்தேன். கதவு நிலையில் நெற்றி இடித்து இரத்தம். மனைவி போட்ட சத்தத்தில் இரண்டு நண்பர்களும் ஓடிவந்து என்னைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள்.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "இருதயம் நன்றாக இருக்கிறது. உங்கள் உடம்பில் தண்ணீர்தான் இல்லை" என்று சொல்லி இரண்டு பாட்டில் சலைன் ஏற்றினார். பிறகு விளக்கமும் சொன்னார். வறண்ட காற்றில் வியர்வை தோலில் தங்காமல் உடனே ஆவியாகிவிடுவதால் வியர்ப்பதே தெரியாது. ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் வெளியேறுகிறது. குளிரில் சிறுநீர் அதிகம் பிரியும், தாகமோ குறையும். அறுபது வயதுக்கு மேல் தாக உணர்ச்சியே மங்கிவிடுகிறது. ஆக, கோடையில் பாலைவனம் எச்சரித்துவிட்டு அடிக்கிறது. குளிர்காலத்தில் சொல்லாமல் அடிக்கிறது.

செய்தி அமெரிக்காவுக்குப் போயிற்று. "இனிமேல் அங்கே போகவே கூடாது" என்று மகன் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொன்னான். நானும் அரை மனதாக இருந்தேன். என் மனைவிதான் அவனுக்குப் பதில் சொன்னாள். "அங்கே விழுந்தார், தூக்க நாலு பேர் இருந்தாங்கடா. ஹைதராபாத்ல விழுந்தா நான் ஒருத்திதான் இருக்கேன்." அவன் அதற்குமேல் பேசவில்லை.

அன்று முதல் எங்கள் மூன்று வீட்டாருக்கும் ஒரு சட்டம். காலையில் ஆளுக்கொரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிடுவார் நண்பரின் மனைவி. நாங்கள் பாபிஜி என்று அழைப்போம். பொழுது சாய்வதற்குள் அதைக் காலி செய்து அவரிடம் கவிழ்த்துக் காட்டவேண்டும். அதிகாரியாக இருந்தபோதுகூட நான் இவ்வளவு பயந்து யாரிடமும் கணக்குக் காட்டியதில்லை!

தண்ணீர் விஷயத்தில் பாபிஜிக்குக் கணக்கு பிறவியிலேயே வந்தது. அவர்கள் வீட்டு முற்றத்தின் அடியில் 'டாங்கா' என்று வட்டமான தொட்டி இருக்கிறது. சுற்றிலும் உள்ள தரை அதை நோக்கிச் சரிவாக அமைக்கப்பட்டு, மழைநீர் உள்ளே இறங்குகிறது. மழைக்காலத்துக்கு முன் அந்தத் தரையைப் பெருக்கித் துடைக்கிறார்கள். செருப்புக் காலுடன் யாரும் மிதிப்பதில்லை. தொட்டியின் மூடிக்குப் பூட்டு உண்டு. நாம் பீரோவைப் பூட்டுவதுபோல் அவர்கள் தண்ணீரைப் பூட்டுகிறார்கள்.

அங்கே தண்ணீருக்கே மூன்று பெயர். வானத்திலிருந்து விழுவது பாலர் பானி. ஆழத்தில் இருப்பது பாதாள் பானி. அது பெரும்பாலும் உப்பு. இரண்டுக்கும் நடுவே, பூமிக்கடியில் உள்ள ஜிப்சம் படிவத்தின் மேல் மணலில் ஈரமாகத் தங்கி நிற்பது ரேஜாணி பானி. பீகானேர், ஜெய்சல்மேர் பக்கம் இதற்காகவே குறுகலான சிறு கிணறு தோண்டி, கசிந்து ஊறும் இனிப்பு நீரைக் குடம் குடமாக எடுத்தார்கள். அந்தப் படிவத்தை உடைத்துவிட்டால் உப்புநீர் கலந்துவிடும். இதை எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் தெரிந்துவைத்திருந்தார்கள்.

என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். அங்கே ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் தரையில் விழுவது 20,000 லிட்டர். சேதாரம் போனாலும் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் குடிக்கவும் சமைக்கவும் போதும். ஹைதராபாத்தில் மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதே 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 80,000 லிட்டர். ஆனால் 2024 கோடையில் எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணறு வற்றிப்போய், டாங்கர் லாரிக்குக் காத்துக்கிடந்தோம். பாலைவனம் எது என்று சொல்வது கடினம். பஞ்சாபிலிருந்து வரும் சுமார் 650 கிலோமீட்டர் நீள இந்திரா காந்தி கால்வாயின் தண்ணீர் இப்போது அங்கே குழாயிலும் வருகிறது. இருந்தும் நண்பர் டாங்காவைக் கைவிடவில்லை. "கால்வாயைப் பராமரிப்புக்காக ஆண்டுக்கொரு முறை மூடுவார்கள். டாங்காவின் சாவி என் கையில் இருக்கிறது" என்பார்.

சாப்பாட்டுக்கும் குறையில்லை. குளிருக்குக் கம்பு ரொட்டி, நெய், வெல்லம். நம் ஊர்க் கம்புதான். 'கேர் சாங்க்ரி' என்று ஒரு கறி செய்வார்கள். சாங்க்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி வேறு எதுவுமல்ல. விருத்தாசலம் கோயிலின் தல மரமான வன்னிதான். தசராவுக்கு இங்கே தெலுங்கு அன்பர்கள் வணங்கும் ஜம்மி மரமும் அதுவே. இந்த மரங்களை வெட்ட விடாமல் 1730ல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்று கேட்டபின் அந்தக் கறியைச் சாதாரணமாகச் சாப்பிட முடியவில்லை.

பொங்கலுக்கு முற்றத்தில் மூன்று கல் வைத்து, இங்கிருந்து கொண்டுபோன வெண்கலப் பானையை ஏற்றினாள் என் மனைவி. பாசிப்பருப்பு அங்கேயே விளைவது. பொங்கி வழியவேண்டும் என்பதற்காக விளிம்பு வரை அவள் தண்ணீர் ஊற்றப்போனபோது பாபிஜி பதறிப்போய்க் கையைப் பிடித்துவிட்டார். வழிந்தால்தான் மங்களம் என்று விளக்கியதும் சற்று யோசித்து, "அப்படியானால் பால் வழியட்டும், தண்ணீர் வேண்டாம்" என்று ஒரு சொம்புப் பால் கொண்டுவந்து ஊற்றினார். பால் பொங்கியது. ஆறு பேரும் "பொங்கலோ பொங்கல்" என்றோம், மூன்று விதமான உச்சரிப்பில்.

மறுநாள் பக்கத்தில் உள்ள கீசன் கிராமத்துக்குப் போனோம். மங்கோலியா, மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி 'குர்ஜா' என்னும் கொக்கினப் பறவைகள் ஆயிரக்கணக்கில் குளிர்காலத்துக்கு அங்கே வருகின்றன. ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தானியம் போடுகிறார்கள். குர்ஜாவும் தனியாக வருவதில்லை; கூட்டமாகத்தான் வருகிறது.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பர் பிற்பகுதியில் போய் பிப்ரவரி நடுவில் திரும்பிவிடுங்கள். காதை மூடும் கம்பளிக் குல்லாய், தோலுக்குத் தேங்காயெண்ணெய் அவசியம். இரண்டு மாத மருந்தைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். தாகத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் குடியுங்கள். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாகப் போகாதீர்கள். லாட்ஜில் தங்கி ஒட்டகம் ஏறிவிட்டு வருவது வேறு. காலையில் உங்கள் செம்பு காலியாயிற்றா என்று கேட்க ஒருவர் இருக்கும் இடத்தில் தங்குவது வேறு.

எங்கள் செம்பு இப்போது ஹைதராபாத்துக்கும் வந்துவிட்டது. தினமும் மாலை ஆறு மணிக்குப் பலோடியிலிருந்து தொலைபேசி வரும். எடுத்தவுடன் பாபிஜி கேட்பது ஒரே கேள்விதான். நானும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.